பழைய கார் லெதர் சீட்டைச் சுத்தம் செய்வதும் கண்டிஷனர் போடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழெட்டு வருடம் ஓடிய காரின் லெதர் சீட் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். உட்காரும் இடம் வழவழத்துப் பளபளக்கும். தையல் ஓரங்கள் கறுத்திருக்கும். டிரைவர் ஏறி இறங்கும் பக்கம் நிறம் போயிருக்கும். பார்த்தவுடன் "லெதர் காய்ந்துபோச்சு, ஏதாவது க்ரீம் தடவணும்" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த சீட்டுக்கு முதலில் வேண்டியது ஒழுங்கான சுத்தம். பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். க்ரீம், அதாவது கண்டிஷனர், அப்புறம்தான், அதுவும் கொஞ்சமாக.

என் காரில் இருப்பது நிஜ லெதரா, ரெக்சினா? எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஊரில் ஓடும் நடுத்தர விலை கார்களில் பெரும்பாலும் இருப்பது லெதரெட், அதாவது ரெக்சின் வகை. நிஜ லெதர் என்று சொல்லி விற்ற கார்களிலும் முதுகும் தொடையும் படும் நடுப்பகுதி மட்டும்தான் பெரும்பாலும் தோலாக இருக்கும். சீட்டின் பின்புறம், பக்கவாட்டு, ஹெட்ரெஸ்டின் பின்பக்கம் எல்லாம் வினைல், அதாவது அதே ரெக்சின் வகை. இது ஏமாற்று வேலை இல்லை. விலைப்பட்டியல் புத்தகத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் சீட்டின் அடிப்பக்கம் கையை விட்டு, உறை மடித்து மாட்டியிருக்கும் ஓரத்தைத் தேடுங்கள். ஒரு டார்ச் இருந்தால் போதும். தோலின் பின்பக்கம் நார் நாராக, வெல்வெட் தேய்ந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினின் பின்பக்கம் பின்னல் துணி தெரியும். மேலே இருக்கும் கோடுகளையும் குழிகளையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிஜத் தோலிலும் அந்த வடிவத்தை இயந்திரத்தில் அழுத்தித்தான் பதிக்கிறார்கள். வாசனையையும் நம்ப முடியாது, ஸ்ப்ரேயாகவே கடையில் கிடைக்கிறது. நெருப்பு வைத்துப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம்.

சுத்தம் செய்யும் முறை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். கண்டிஷனர் விஷயத்தில்தான் வித்தியாசம்.

லெதருக்கு மேல் கோட்டிங் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிலைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. தோல் பதப்பட்டு வந்தபின் மேலே நிறமிப் பூச்சு ஏற்றுவார்கள். கார் சீட்டுக்கான தோலுக்கு அதன் மேல் பாலியூரிதேன் என்ற தெளிவான பாதுகாப்புப் பூச்சும் உண்டு. நாம் தொட்டு உணர்வது அந்தப் பூச்சைத்தான், தோலை இல்லை. பெயின்ட் அடித்த கதவின் மேல் எண்ணெய் தடவினால் மரத்துக்குள் எவ்வளவு இறங்குமோ, அவ்வளவுதான் இந்த லெதருக்குள்ளும் க்ரீம் இறங்கும்.

ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துப் பாருங்கள். முத்தாக நின்றால் பூச்சு நன்றாக இருக்கிறது. அந்த இடம் கறுத்து, தண்ணீர் உள்ளே இறங்கினால் இரண்டில் ஒன்று: பூச்சு தேய்ந்திருக்கிறது, அல்லது அது பூச்சே இல்லாத அனிலின் வகை லெதர். அனிலின் விலை உயர்ந்த சில கார்களில் மட்டும்தான் வரும். அல்கான்டாரா என்பது தோலே இல்லை, செயற்கை இழைத் துணி. அதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லும் எதையும் செய்ய வேண்டாம்.

சீட் பளபளவென்று இருப்பது நல்லதுதானே?

இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது கார் லெதர் பெரும்பாலும் மங்கலான, ஒளி அடிக்காத பரப்பாகத்தான் இருக்கும். நாளடைவில் ஏறும் மினுமினுப்பு உடம்பு எண்ணெய், வியர்வை, தூசு மூன்றும் சேர்ந்து படிந்தது. சந்தேகமாக இருந்தால் யாரும் அதிகம் சாயாத பின் சீட்டின் மேல் ஓரத்தையும் டிரைவர் சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அழுக்கு நீங்கிய லெதர் மீண்டும் மங்கலாகும். "கழுவினதும் பளபளப்பு போயிடுச்சே, கெட்டுப்போச்சோ" என்று பயந்து சிலர் மேலே பாலிஷ் அடிக்கிறார்கள். அந்த மங்கல்தான் அசல்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் காரை நிழலில் விடுங்கள். வெயிலில் நின்ற காரின் சீட்டில் திரவம் பட்டவுடன் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். காலையில் சீக்கிரமாகவோ மாலை தாழ்ந்தோ செய்வது உத்தமம்.

அடுத்தது வாக்யூம். மென்மையான பிரஷ் முனையைப் போட்டு, ஒரு கையால் தையல் மடிப்பை விரித்துப் பிடித்து, உள்ளே கிடக்கும் மணலை எடுங்கள். இந்த வேலையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆனால் சீட்டைத் தேய்ப்பது அந்த மணல்தான். மணல் இருக்கும்போதே ஈரத்துணி போட்டால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் திரவம். லெதருக்கென்றே விற்கும், தண்ணீர் அடிப்படையிலான க்ளீனர் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கம்பளித் துணிக்கான மென்மையான திரவ சோப்பு போதும். டொயோட்டா தன் கார்களின் கையேட்டிலேயே, கம்பளித் துணிக்கான நடுநிலை சோப்பை ஏறக்குறைய 5 சதவீத அளவுக்குத் தண்ணீரில் நீர்த்து, அதில் நனைத்த மென்துணியால் லெதரைத் துடைக்கச் சொல்கிறது. கால் லிட்டர் கரைசலுக்கு 12 மில்லி சோப்பு, இரண்டு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலே.

முதல் முறை என்றால் கண்ணில் படாத ஓர் இடத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். துணியில் சீட்டின் நிறமே வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெறும் அழுக்கு வந்தால் தொடரலாம்.

திரவத்தை நேராக சீட்டில் அடிக்காமல் பிரஷ்ஷில் எடுங்கள். மென்மையான குதிரைமுடி பிரஷ், அது இல்லையென்றால் பழைய மென்மையான ஷேவிங் பிரஷ்கூடப் பரவாயில்லை. துணி துவைக்கும் பிரஷ் ஆகாது. சீட்டின் ஒரு பலகையை (தையல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு துண்டை) எடுத்துக்கொண்டு வட்டமாகத் தேயுங்கள். வெள்ளை நுரை சாம்பல் நிறமாகி, பிறகு காபி நிறத்துக்கு வரும். லெதரின் குழிகளுக்குள் இருந்த அழுக்கு கிளம்பி வருகிறது என்று அர்த்தம். நுரை காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பிழிந்த ஈரத்துணியால் இன்னொரு முறை துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். துணியின் ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்பிக்கொள்ளுங்கள். அழுக்குத் துணியால் துடைத்தால் ஓர் இடத்து அழுக்கு இன்னோர் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான்.

ரொம்ப நாள் படிந்த அழுக்கு ஒரே தடவையில் போகாது. அழுத்தித் தேய்ப்பதைவிட இரண்டு மூன்று சுற்று மெதுவாகச் செய்வது எப்போதும் மேல். அழுக்கு தையல் நூலில் ஊறியிருந்தால் குழந்தைகளின் மென்மையான டூத்பிரஷ் உதவும்.

காற்று வரும் துளை போட்ட சீட்டுக்கும் இதே முறைதானா?

இதேதான், ஈரத்தை மட்டும் இன்னும் குறையுங்கள். துளைக்குள் நுரை போய்க் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும். கீழே மின்விசிறியும் வயர்களும் இருக்கின்றன. கண்டிஷனரையும் துணியில் ஒத்தியெடுத்துத்தான் தடவ வேண்டும். துளையில் அடைத்துக்கொண்டதை மரப் பல்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்க நேரும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

வீட்டிலேயே இருக்கும் பொருட்களில் எதை வைத்துத் துடைக்கலாம்?

மேலே சொன்ன கம்பளி சோப்பும் தண்ணீரும் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். பதப்படுத்திய தோல் இயல்பிலேயே லேசான அமிலத் தன்மை உள்ளது. துணி சோப்பு, பாத்திரப் பவுடர், சமையல் சோடா, அம்மோனியா கலந்த கண்ணாடி க்ளீனர் எல்லாம் காரத் தன்மை உள்ளவை. பூச்சு தேய்ந்த இடத்தில் அவை உள்ளே இறங்கினால் தோலை விறைக்க வைக்கும்.

நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பூச்சையே கரைத்துவிடும். கை சானிடைசரும் அதே இனம். 2020 கொரோனா காலத்தில் சானிடைசர் போட்ட கையோடே ஓட்டி, ஸ்டீயரிங் லெதர் பிசுபிசுத்து உரிந்த கார்கள் கொஞ்சநஞ்சமில்லை. மேஜிக் ஸ்பான்ஜ் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். கறை போனதாகத் தெரியும், கூடவே பூச்சும் போயிருக்கும். டூத்பேஸ்ட்டும் அப்படித்தான். ஷூ பாலிஷ் போட்டால் நிறம் உங்கள் வெள்ளை வேட்டிக்கு வந்துவிடும்.

டேஷ்போர்டு பாலிஷை சீட்டில் அடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலும் சிலிகான் இருக்கும். சீட் வழுக்கும், தூசு ஒட்டும். பின்னால் எப்போதாவது நிறம் பூச வேண்டி வந்தால் அந்தச் சிலிகான் மேல் நிறம் பிடிக்காது. ஸ்டீயரிங்கில் அடிப்பது ஆபத்து.

தேங்காய் எண்ணெய் தடவினால் லெதர் மிருதுவாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தடவலாமா?

பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பூச்சு இல்லாத பழைய தோல் பொருட்களுக்கு, கமலை இறைத்த தோல் சால் போன்றவற்றுக்கு, எண்ணெய் போட்டுத்தான் காப்பாற்றினார்கள். அந்தத் தோல் எண்ணெயைக் குடிக்கும். உங்கள் கார் சீட் குடிக்காது. மேலேயே நின்று பிசுபிசுக்கும், தூசைப் பிடிக்கும், உடுப்பில் ஒட்டும். தேய்ந்த விரிசல் வழியாக இறங்கினாலோ அந்த இடம் திட்டாகக் கறுத்துவிடும், பிறகு அங்கே நிறம் ஏற்றுவதும் கஷ்டம். ஆலிவ் எண்ணெய்க்கும் இதே பதில்.

அப்படியென்றால் கண்டிஷனரே தேவையில்லையா?

தேவை இருக்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக இல்லை. நல்ல கண்டிஷனர் பூச்சின் மேல் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். உராய்வைக் குறைக்கும், சீட்டுக்கு சீட் உரசும்போது வரும் கிறீச் சத்தத்தை நிறுத்தும், அடுத்த முறை அழுக்கு சுலபமாகக் கிளம்ப வழி செய்யும். பூச்சு தேய்ந்து நுண்விரிசல் விட்ட பழைய சீட்டில் கொஞ்சம் உள்ளேயும் போகும். அங்கேதான் அது உண்மையிலேயே பயன்படுகிறது.

அளவுதான் முக்கியம். ஒரு பலகைக்கு ஒரு ரூபாய் நாணய அளவு போதும். அதைத் துணியிலோ ஸ்பான்ஜிலோ எடுத்துப் பரப்பி, கால் மணி நேரம் விட்டு, உலர்ந்த துணியால் மீதியைத் துடைத்து எடுத்துவிடுங்கள். தொட்டால் கையில் எதுவும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள். அழுக்கின் மேல் கண்டிஷனர் போடவே கூடாது, அழுக்கை உள்ளே வைத்துப் பூட்டிவிடும்.

வீட்டு உபயோகத்துக்கு ஓடும் காருக்கு மாதம் ஒருமுறை ஈரத்துணித் துடைப்பு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுச் சுத்தம், வருடத்துக்கு இரண்டு முறை கண்டிஷனர் என்பது என் கணக்கு. கோடைக்கு முன்னால் ஒன்று, மழைக்காலம் முடிந்ததும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ரெக்சின் சீட்டுக்குத் தோல் கண்டிஷனர் வீண் செலவு. சுத்தம் செய்து, வினைலுக்கான வெயில் பாதுகாப்பு திரவம் ஏதாவது போட்டால் போதும்.

ஹெட்ரெஸ்ட் தலை எண்ணெய் பட்டுக் கறுத்துவிட்டது. போகுமா?

பூச்சு சரியாக இருந்தால் போகும். சோப்புக் கரைசலைப் போட்டு நுரையை இரண்டு நிமிடம் நிற்க விட்டு, தேய்த்து, ஒற்றி எடுங்கள். மறுநாள் இன்னொரு முறை. குழிகளுக்குள் தங்கிய எண்ணெய் மெல்ல மேலே வரும். அதனால் ஒரே நாளில் பிடிவாதமாகத் தேய்ப்பதில் பலன் இல்லை. பூச்சு போய்த் தோலுக்குள்ளேயே ஊறியிருந்தால் சாதாரண க்ளீனர் எடுக்காது. லெதர் டிக்ரீசர் என்று தனியாக உண்டு, அதைத் தெரிந்தவர் கையில் விடுவது நல்லது. சுத்தமானபின் ஹெட்ரெஸ்டுக்கு மட்டும் துவைக்கக்கூடிய ஒரு பருத்தி உறை போட்டுவிடுங்கள். தினமும் எண்ணெய் வைத்துத் தலை வாரும் வீட்டில் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஜீன்ஸ் சாயம், பேனா மை, மஞ்சள், டீ: எதற்கு என்ன செய்வது?

ஜீன்ஸ் சாயம் வெளிர் நிற சீட்டின் பெரிய எதிரி. புதிதாக இருக்கும்போது க்ளீனரிலேயே போய்விடும். மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள்ளேயே ஊறி நீலமாகத் தங்கும். அப்புறம் நிறம் பூசுவதுதான் வழி.

பால்பாயின்ட் மைக்கு நேரம்தான் எல்லாம். உடனே பார்த்தால் லெதருக்கான மை நீக்கியை வைத்து எடுத்துவிடலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மையைக் கரைக்கும், ஆனால் பூச்சையும் தொடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, மை கோட்டின் மேல் மட்டும் உருட்டி எடுங்கள், தேய்க்காதீர்கள். பஞ்சில் சீட்டின் நிறம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் கறை வேறு விதம். கல்யாணத்துக்குப் போய்வந்த காரில் மஞ்சளும் குங்குமமும் படாமல் இருப்பது அபூர்வம். பதறிப்போய் துணி சோப்பு போட்டால் மஞ்சள் சட்டென்று சிவப்பாக மாறும், காரம் பட்டால் அதன் குணம் அது. உலர்ந்த பொடியை முதலில் வாக்யூமில் எடுங்கள். பிறகு மென்மையான கரைசலால் துடையுங்கள். மிச்சம் இருக்கும் வெளிறிய கறையை விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், ஜன்னல் பக்கம் என்றால் சில நாட்களில் தானாகவே மங்கும்.

டீ, பால், குழந்தை வாந்தி மூன்றுக்கும் ஒரே விதி: தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், தையல் வழியாகக் கீழே பஞ்சுக்குப் போவதற்குள். பால் உள்ளே போனால் நாற்றம் லேசில் விடாது.

மழைக்காலத்தில் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கிறது. என்ன செய்ய?

கார் பல நாள் ஓடாமல் மூடிக் கிடந்தால் இது வரும், அதுவும் மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தால் சீக்கிரம் வரும். வண்டியை வெளியே எடுத்து நான்கு கதவையும் திறந்து வையுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த துணியால் உதறித் துடைத்தால் பூஞ்சையின் வித்துகள் கார் முழுக்கப் பரவும், அதனால் முதலில் வாக்யூம். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, லேசாக நனைத்த துணியால் ஒரே தடவை துடையுங்கள். அதன்பின் வழக்கமான சுத்தம், நன்றாகக் காய விடுவது, கடைசியாகக் கண்டிஷனர். ஏசி ஓட்டி ஒரு சுற்றுப் போய்வந்தால் உள்ளே இருக்கும் ஈரம் குறையும்.

2015 டிசம்பரில் சென்னையில் நடந்ததுபோல் வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் இந்தக் கதையெல்லாம் செல்லாது. லெதருக்குக் கீழே இருக்கும் பஞ்சு முழுக்க ஊறியிருக்கும். சீட்டைக் கழற்றித்தான் உலர்த்த வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. நீங்களாகக் கை வைக்காமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

விரிசல் விட்ட இடத்தையும் நிறம் போன ஓரத்தையும் சரிசெய்ய முடியுமா?

எந்த க்ரீமும் விரிசலை மூடாது. "விரிசலை ஆற்றும்" என்று டப்பாவில் எழுதியிருந்தால் அதை வாங்காதீர்கள். ஆனால் சரிசெய்யவே முடியாது என்பதும் இல்லை.

முதலில் மடிப்பா, விரிசலா என்று பாருங்கள். உட்காரும் இடத்தில் விழும் மெல்லிய மடிப்புக் கோடுகள் தோலின் இயல்பு, அவற்றை விட்டுவிடலாம். நகத்தை ஓட்டினால் தட்டுகிறது, உள்ளே வேறு நிறம் தெரிகிறது என்றால்தான் விரிசல். நம் ஊர்க் காரில் டிரைவர் சீட்டின் வலது ஓரத் திண்டில்தான் இது முதலில் வரும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இடுப்பும் ஜீன்ஸ் பித்தான்களும் அதன் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகின்றன. இருக்கையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, அதன் மேல் உரசாமல் காலை வெளியே வைத்து எழுந்தாலே தேய்மானம் குறையும்.

நிறம் பூசும் வேலையை நிதானம் உள்ளவர்கள் வீட்டிலேயே செய்யலாம். நன்றாகச் சுத்தம் செய்து, ஆல்கஹால் துணியால் பிசுக்கை நீக்கி, 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (நுண்ணிய உப்புத்தாள்) அந்த இடத்தை மட்டும் லேசாகச் சமன்படுத்த வேண்டும். விரிசலுக்கு லெதர் ஃபில்லரை மிக மெல்லியதாக வைத்து, காய்ந்தபின் மறுபடி சமன்படுத்தி, லெதர் நிறத்தை ஸ்பான்ஜால் ஒத்தி ஒத்தி மெல்லிய பூச்சாகப் பல தடவை ஏற்றி, மேலே மங்கலான பாதுகாப்புப் பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய வேண்டும். கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் சீக்கிரமே தகடாக உரியும். கறுப்பு சீட் என்றால் தைரியமாக இறங்கலாம். பழுப்பு, கிரீம் நிறங்களில் சரியான நிறம் கலப்பதுதான் நிஜமான திறமை, அதைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கிழிந்தே போயிருந்தால் அந்தப் பலகையை மட்டும் மாற்றித் தைக்கலாம். சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் சீட் தைப்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏர்பேக் கிழித்துக்கொண்டு வர வேண்டிய தையலை அழுத்தமாகத் தைத்துவிட்டால் விபத்து நேரத்தில் அது விரியாது.

ரெக்சின் சீட் உரிந்து உதிர்கிறது. கண்டிஷனர் போட்டால் நிற்குமா?

நிற்காது. பாலியூரிதேன் வகை ரெக்சின் என்றால் கடலோர ஊர்களின் ஈரக் காற்று அதன் படலத்தை உள்ளுக்குள் சிதைக்கும். பிவிசி (வினைல்) வகை என்றால் வெயில் சூட்டில் அதை மிருதுவாக வைத்திருக்கும் ரசாயனம் வெளியேறி விறைத்து வெடிக்கும். உரிய ஆரம்பித்துவிட்டால் மாற்றுவதுதான் மிச்சம். புதிதாகத் தைக்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் பொருளின் தடிமனையும் பின்துணியையும் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

லெதருக்கு மேல் துண்டோ கவரோ போட்டால் பாதுகாப்புதானே?

சுத்தமான சீட்டின் மேல், வாரம் ஒருமுறை உதறி எடுக்கும் பருத்தித் துண்டு என்றால் சரி. போட்டதைக் கழற்றவே கழற்றாத கவர் என்றால் அடியில் மணல் தங்கி அரைத்துக்கொண்டே இருக்கும். மரமணி விரிப்பும் அப்படித்தான். ஷோரூம் பிளாஸ்டிக் உறையை வருடக்கணக்கில் கழற்றாமல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே கழற்றுங்கள். அது வியர்வையையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைத்துப் பூஞ்சைக்குத்தான் இடம் கொடுக்கிறது.

நீராவி மெஷின், ஹேர் டிரையர்?

வேண்டாம். குரோம் (குரோமியம் உப்பு) சேர்க்காமல் பதப்படுத்திய தோல் ஈரமாக இருக்கும்போது கொதிநிலைக்குக் கீழேயே சுருங்க ஆரம்பிக்கும். சுருங்கியதை நீட்ட முடியாது. விசிறிக் காற்றில் காய விடுங்கள்.

கடையில் கொடுத்துச் செய்தால் என்ன கேட்க வேண்டும்?

மூன்றே கேள்வி. க்ளீனரை நேராக சீட்டில் அடிப்பீர்களா, பிரஷ்ஷில் எடுப்பீர்களா? கடைசியில் என்ன போடுவீர்கள், அதில் சிலிகான் இருக்கிறதா? முதலில் ஓரமாக ஓர் இடத்தில் செய்து காட்டுவீர்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் சரி என்பவரிடம் சாவியைக் கொடுக்கலாம். வேலை முடிந்ததும் உலர்ந்த வெள்ளைத் துணி ஒன்றால் சீட்டை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்து, சீட் மங்கலாகவும் கைக்கு உலர்ந்ததாகவும் இருந்தால் பணத்தைக் கொடுங்கள். பளபளத்து வழுக்கினால் பாலிஷைத் துடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.